காதில் கடுக்கன், கழுத்தில் அடையாள அட்டை

(பாளையங்கோட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலைக்குப் போகிற ஆண் காதில் கடுக்கன் போடலாமா, கூடாதா? இதுதான் இன்றைய பேச்சு. "இதுக்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று வாசலில் ஒரு அண்ணாச்சி கேட்டார். கேட்டுவிட்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தும் இருக்கிறார். அவருக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி, காதணி ஆகியவற்றைப் பற்றிப் போட்ட உத்தரவுகளின் பின்விளைவாக 1806இல் வேலூர்க் கோட்டையில் ஒரே நாளில் சில நூறு பேர் செத்தார்கள். அவர்களில் நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரர்களும் உண்டு. விஷயம் சின்னது என்று அன்றைக்கும் மேலே இருந்தவர்கள்தான் நினைத்தார்கள்.

முதலில் ஆற்றங்கரைக்குப் போவோம். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில், தாமிரபரணியின் தென்கரையில் தென்திருப்பேரை இருக்கிறது. நவதிருப்பதிகளில் ஒன்று. அங்கே பெருமாளின் திருநாமமே மகரநெடுங்குழைக்காதர். ஆற்றங்கரையில் தவமிருந்த பூமிதேவிக்குத் தண்ணீரில் மீன் வடிவத்தில் இரண்டு குண்டலங்கள் கிடைத்தன, அவற்றைப் பெருமாள் காதில் அணிந்துகொண்டார் என்கிறது தலபுராணம். சங்கு உண்டு, சக்கரம் உண்டு, ஆனால் அந்த ஊர் தன் சாமியைக் காதணியை வைத்துத்தான் கூப்பிடுகிறது. ஆண்பிள்ளைகளுக்கும் குழைக்காதன் என்று பேர் வைக்கிறார்கள்.

இதே சாமியின் பேரில் குழைக்காதர் பாமாலை என்று ஒரு நூல் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில், நாயக்கர் ஆட்சியின் அதிகாரியாக இந்தச் சீமையை நிர்வகித்த வடமலையப்ப பிள்ளையன் காலத்தில், வரி பாக்கிக்காகப் பிடித்து அடைக்கப்பட்ட நாராயண தீட்சிதர் பாடியது என்றும், பாடி விடுதலை பெற்றார் என்றும் வழக்கு. அரசாங்க அதிகாரியிடம் மாட்டிக்கொண்டவர் காதணிக்காரரிடம் முறையிட்ட கதை நம் பள்ளத்தாக்கில் முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்டது.

சைவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சம்பந்தர் தம் முதல் பதிகத்தைச் சிவனின் காதிலிருந்துதான் தொடங்குகிறார்.

சாமியை விடுங்கள், நம் வீட்டுக்கு வருவோம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகும் குடும்பங்களில் ஆணும் பெண்ணுமாய்க் கைக்குழந்தைகளுக்கு மொட்டை அடித்துக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, ஆசாரி கம்பியைச் செலுத்தும்போது பிள்ளை வீரிட்டு அழ, சுற்றியிருக்கிற நாம் அதன் வாயில் சர்க்கரையைப் போட்டு அடக்குகிறோம். பிள்ளைகளுக்குக் காது குத்துவது காப்புக்காகவும் அழகுக்காகவும் என்று சுசுருத சம்கிதையே சொல்கிறது. காது குத்தினால் மூளை வளரும், கண் துலங்கும் என்று இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நான் துணைக்கு அழைக்கப் போவதில்லை. அழகு என்ற ஒரு காரணம் போதும்.

இப்படி நாலு பந்தி போட்டு, சீர் வாங்கிக் குத்திய காதில் பெண்பிள்ளைக்குத் தோடு நிலைக்கிறது. ஆண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் சேர்த்ததும் கழற்றிவிடுகிறோம். பெரியவனாகி அவன் மறுபடி போட்டுக்கொண்டால் ரௌடி மாதிரி இருக்கிறான் என்கிறோம். அலுவலகத்தில் காது குத்துக்கு லீவு கேட்டால் தருகிறார்கள். குத்திய காதில் கடுக்கனோடு வந்தால்தான் ஆகாது.

எங்கள் தெருவில் ஒரு பையன். பொறியியல் முடித்தவன். இரண்டு காதிலும் சின்னச் சிவப்புக்கல் கடுக்கன், தாய்மாமன் போட்டது, கல்லூரி நாள் முழுக்கப் போட்டிருந்தான். சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன்னால் போனில் கூப்பிட்டு, "அதைக் கழற்றிட்டு வந்துருங்க, புரொஃபஷனலா இருக்காது" என்றார்களாம். கழற்றப் போனால் வலது காதில் திருகாணி வரவில்லை. டவுனில் தெரிந்த ஆசாரியிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விளக்கைக் கிட்டே இழுத்து, பின்பக்கம் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டார். "மரை தேஞ்சிருக்கு தம்பி, அசையாத" என்று சொல்லிவிட்டு, ஒரு கையில் சாமணத்தால் கல்லைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் குறட்டால் திருகாணியைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பினார். கடைசிச் சுற்றில் கொஞ்சம் ரத்தம் வந்தது. "இதென்ன கிரகம், போடச் சொல்லித்தானே எல்லாரும் வருவாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டையும் தாளில் மடித்துத் தந்தார். கூலி வாங்கவில்லை.

பையன் இப்போது ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க ராத்திரியில் வேப்பங்குச்சி செருகிக்கொள்கிறான். அவன் மேலதிகாரி ஒரு பெண்மணி. காதில் இவன் கடுக்கனைவிட மூன்று மடங்கு பெரிய கம்மல் போட்டிருப்பாராம். அதை யாரும் புரொஃபஷனல் இல்லை என்று சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம். அவர் வெறுங்காதோடு வந்தால்தான் "என்ன மேடம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள்.

இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? நம் பண்பாடு என்று யாராவது சொன்னால், நமக்கெல்லாம் காது குத்தி ரொம்ப நாளாகிவிட்டது என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். போன நூற்றாண்டின் தொடக்கத்து வக்கீல்களின் குழுப் படங்களைப் பாருங்கள். ஆல்பகா கோட்டு, சரிகைத் தலைப்பாகை, காதில் கடுக்கன். கட்சிக்காரன் வக்கீலின் வருமானத்தை அந்தக் கல்லின் ஒளியை வைத்து எடை போட்ட காலம் அது. சங்கீத மேடையில் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் வைரக் கடுக்கன் பேர் பெற்றது. ஓதுவார், அர்ச்சகர் காதுகளை இன்றைக்கும் நெல்லையப்பர் கோயிலில் பார்க்கலாம். அவர்களும் வேலை நேரத்தில், வேலை செய்யும் இடத்தில்தான் போட்டிருக்கிறார்கள்.

தடை எழுத்தில் வந்த இடத்தைத் தேடினால், எனக்குத் தெரிந்தவரை நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவது கிழக்கிந்தியக் கும்பெனியின் பட்டாளம். அந்தக் கதை பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தொடங்குகிறது.

1801 பிப்ரவரி 2ஆம் தேதி கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இதே பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடி எழுந்தது. மார்ச் மாதம் மேஜர் மெக்காலே தாக்கித் தோற்றார். அதன்பின் தலைமையேற்க வந்தவர் அக்னியூ. மே 24ஆம் தேதி கோட்டை விழுந்தது. ஊமைத்துரையை நவம்பரில் தூக்கிலிட்டார்கள். பாளையங்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன, கோட்டைகள் தரைமட்டமாயின. தலைமுறை தலைமுறையாக வேலும் வாளும் பிடித்த குடும்பங்களுக்குப் பிழைப்பு போயிற்று. கும்பெனியோ பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. போர் செய்யத் தெரிந்தவன், தன்னைத் தோற்கடித்தவனிடமே சம்பளத்துக்குச் சேர்ந்தான். வேறு வழி என்ன இருந்தது?

அதே அக்னியூ 1806இல் சென்னைப் பட்டாளத்தின் அட்ஜுடன்ட் ஜெனரல். தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக். சிப்பாய்க்கு ஒரே சீரான தோற்றம் வேண்டும் என்பது அவர்கள் ஆசை. 1805 நவம்பரில் புதுத் தலைப்பாகைக்கு உத்தரவு போட்டார்கள். அதில் தோல் குஞ்சம் இருந்தது. பார்த்தால் தொப்பி மாதிரி இருந்தது. 1806 மார்ச்சில் கவர்னர் வில்லியம் பெண்டிங் ஒப்புதலோடு புது ஒழுங்கு விதிகள் வெளியாயின. அவற்றில் பத்தாவது பத்தி நம்முடையது. சீருடையில் இருக்கும்போது சிப்பாய் நெற்றியில் சாதிக்குறி இடக்கூடாது, காதணி போடக்கூடாது, மோவாயை மழிக்க வேண்டும், மீசையின் அளவும் வடிவமும் முடிந்தவரை ஒன்றுபோல இருக்க வேண்டும். இன்றைக்கு ஒரு நிறுவனத்தில் சேர்ந்ததும் கையில் தருகிறார்களே, தோற்ற நெறிமுறை என்று ஒரு தாள், அதன் பாட்டன் இதுதான். மொழிகூட அதிகம் மாறவில்லை.

பின்னால் விசாரணை வந்தபோது மேலதிகாரிகள் சொன்ன சமாதானத்தைக் கவனியுங்கள். பட்டாளங்களில் ஏற்கெனவே இருந்த பழக்கத்தைத்தான் எழுத்தில் போட்டோம் என்றார்கள். மனிதவளத்துறையிடம் கேட்டுப் பாருங்கள், இதே பதில் வரும்.

காதணி சிப்பாய்க்கு என்னவாக இருந்தது என்பதை அவர்கள் கேட்கவில்லை. இந்துச் சிப்பாய்க்கு அது பிறந்த வீட்டின் சடங்கு. முஸ்லிம் சிப்பாய்கள் பலருக்கும் அது குழந்தைப் பருவத்தில் ஓர் அவுலியாவின் பேரில் நேர்ந்து போட்ட காப்பு. பொட்டல்புதூர் தர்காவில் இரண்டு மதத்துக்காரர்களும் நேர்ச்சை செலுத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அதைக் கழற்று என்றபோது இரண்டு பேருக்கும் சேர்ந்து வலித்தது. வெள்ளைக்காரன் நம்மைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்கப் போகிறான் என்ற பேச்சும் பரவியது.

மே மாதம் வேலூரில் 4ஆம் ரெஜிமெண்டின் பட்டாளம் புதுத் தலைப்பாகையை மறுத்தது. இருபத்தொரு பேரைப் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். இரண்டு பேருக்குத் தலா 900 கசையடி. அவர்களில் ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். மற்றவர்களுக்கு 500 என்று விதித்து, மன்னிப்புக் கேட்டதும் விட்டார்கள். அந்தப் பட்டாளத்தை மாற்றிவிட்டு வேலூருக்குக் கொண்டுவந்தது 23ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தை. அதில் நிறையப் பேர் நம்ம திருநெல்வேலிச் சீமையில் எடுக்கப்பட்டவர்கள், பழைய பாளையக்காரர்களின் ஆட்கள். ஐந்து வருஷத்துக்கு முன் தங்கள் கோட்டையை இடித்த அதே அதிகாரியின் அலுவலகத்திலிருந்து, கடுக்கனைக் கழற்று என்ற உத்தரவு வருகிறது. கோபம் காதுக்கு மட்டும் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை 10 விடியற்காலை வெடித்தது. தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். வெள்ளைக்காரர் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். காலையில் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் சிப்பாய்கள் சில நூறு பேர் செத்தார்கள். கோட்டையில் இருந்த திப்புவின் மக்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கலகத்தில் இருந்த ரெஜிமெண்டுகளின் எண்களையே பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அந்த உத்தரவுகளோ? அந்த வருஷம் முடிவதற்குள் கும்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்டது. பெண்டிங்கும் கிரடாக்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டார்கள். பெண்டிங் பின்னால் கவர்னர் ஜெனரலாகவே வந்தார் என்பது வேறு கதை. பெரிய இடத்து ஆட்களுக்கு ஒரு தவறுக்குப் பிறகும் பதவி உயர்வு உண்டு.

இந்த நடுக்கம் பாளையங்கோட்டைக்கும் வந்தது. 1806 நவம்பரில் இங்கே படைக்குத் தலைமை வகித்தவர் மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ். முஸ்லிம் சிப்பாய்கள் சதி செய்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, அவர்களை மட்டும் ஆயுதம் பறித்துக் கோட்டைக்கு வெளியே அனுப்பினார். இலங்கையிலிருந்து படை வேண்டும் என்று ஆளும் அனுப்பினார். இந்துச் சிப்பாய்களைக் கூட்டிக் கொடியின் மேல் சத்தியம் வாங்கினார்கள். வெல்ஷை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, பிறகு குற்றமில்லை என்று விட்டார்கள். காதிலும் நெற்றியிலும் தொடங்கிய ஒரு விதி, எட்டே மாதத்தில் ஒரே வரிசையில் நின்றவர்களை மதம் பார்த்துப் பிரித்ததில் வந்து நின்றது. இந்த வெல்ஷ்தான் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் ஊமைத்துரையைப் பற்றி மரியாதையோடு எழுதியவர். மனிதர்கள் அப்படித்தான், ஒரே பெட்டிக்குள் அடங்க மாட்டார்கள்.

இதோடு நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும். வெள்ளைக்காரன் கழற்றச் சொன்னான், நாம் போட்டுக்கொள்வோம் என்று முடித்துவிடலாம். ஆனால் கடுக்கனுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது.

அந்த வக்கீலின் வைரக் கடுக்கன் எல்லோர் காதிலும் ஏற முடிந்ததா? மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில், பொன் நகை அணிய அரசுக்குப் பணம் கட்டி உரிமை வாங்க வேண்டிய நிலை சில சாதியாருக்கு இருந்தது. 1818இல்தான் ராணி கௌரி பார்வதி பாய் அதை நீக்கினார். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். முதல் தடையே பொன்னும் வெள்ளியும் அணியக்கூடாது என்பது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் போட்ட உத்தரவு சில மாதம்தான் நின்றது. நம் ஆட்கள் தெருவில் போட்ட உத்தரவு பல தலைமுறை நின்றது. இதைச் சொல்லாமல் பண்பாடு, பாரம்பரியம் என்று பேச எனக்கு வாய் வரவில்லை.

நம் மாவட்டத்து நாங்குநேரியை மறக்க முடியுமா? 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் சாதிக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி இவையெல்லாம் கூடாது என்று அதில் பரிந்துரைத்தது. கூர்மையான ஒருவர் இங்கேயே எழுந்து கேட்கலாம்: "ஐயா, 1806இல் கிரடாக் சொன்னதும் நெற்றிக் குறி கூடாது, நகை கூடாது என்பதுதானே? அதைத் திட்டுகிறீர், இதை ஆதரிக்கிறீரா?"

ஆதரிக்கிறேன். இரண்டு பட்டியலும் ஒன்றுபோல இருக்கலாம், ஆனால் இரண்டின் நோக்கமும் வேறு. மஞ்சளும் சிவப்புமாய் ஒரு கயிறு நம் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை செய்கிறது என்று இங்கே இருக்கிற ஆசிரியர்களுக்குத் தெரியும். நீ யார், நான் யார் என்று அது அடுத்தவனுக்குச் சொல்கிறது. அதனால் ஒரு பையன் கையில் வெட்டு விழுகிறது. எங்கள் தெருப் பையனின் சிவப்புக் கல்லால் யாருக்கு என்ன கெட்டது? அவன் பக்கத்து மேஜைக்காரருக்குக் கணினி ஓடாமல் போய்விட்டதா? விதியை எடை போட எனக்குத் தெரிந்த கேள்வி, அது யாருக்கு வரும் எந்தத் தீங்கைத் தடுக்கிறது என்பதுதான். நாளைக்கே ஒரு குறிப்பிட்ட கடுக்கனை ஒரு சாதியார் தங்கள் அடையாளமாக்கி ஆபீசில் ஆட்டம் போட்டால், அதையும் கழற்றச் சொல்லி நானே மனு எழுதுவேன்.

இன்னொரு சோதனை இதைவிட எளிது. விதி ஆண், பெண் இருவருக்கும் பொதுவா? உணவுப் பாதுகாப்பு விதிகளில், உணவைக் கையாளுகிறவர்கள் நகை அணியக்கூடாது என்று இருக்கிறது. அல்வா கிண்டுகிறவருக்கும் அது பொருந்தும், பெண்ணானாலும் ஆணானாலும். மாவில் திருகாணி விழக்கூடாது என்பது நியாயம். விக்கிரமசிங்கபுரத்து ஆலையில் சுழலும் இயந்திரத்துக்கு முன் நிற்கிறவர் காதில் தொங்குவது எதுவும் கூடாது என்றால் அதுவும் நியாயம். ஆபரேஷன் தியேட்டரிலும் அப்படியே. ஆனால் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில், ஒரு காது மட்டும் கம்பெனியின் கௌரவத்தைக் கெடுக்கிறது என்றால் அங்கே பாதுகாப்பும் இல்லை, சுத்தமும் இல்லை. ஆண் எப்படி இருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் மனத்தில் வைத்திருக்கும் படம் மட்டுமே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். ஒருவர் தம் பாலினத்தை உடையாலும் நடையாலும் வெளிப்படுத்துவது கருத்துரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் திருநர் உரிமை வழக்கில் சொன்னது. காவல்துறை, படை போன்றவற்றில் நீதிமன்றங்கள் கட்டுப்பாட்டுக்கே அதிக இடம் கொடுக்கின்றன. விமானப்படையில் தாடி வைக்க அனுமதி கேட்ட ஒருவரின் மேல்முறையீடு 2016இல் தள்ளுபடியானது. ஆனால் 2024 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தாடி வைத்த முஸ்லிம் காவலர் ஒருவருக்குத் தந்த தண்டனை செல்லாது என்றது. அதற்கு அது ஆதாரமாக எடுத்தது 1957ஆம் ஆண்டு மெட்ராஸ் போலீஸ் கெஜட்டின் ஒரு குறிப்பை. 1806இல் மழிக்கச் சொன்ன அதே மோவாய் 218 வருஷம் கழித்தும் நீதிபதி முன்னால் நிற்கிறது. காதுக்கென்று இப்படி ஒரு பெரிய தீர்ப்பு இன்னும் நம்மிடம் இல்லை. வேலை போய்விடும் என்று பையன்கள் கழற்றிவிடுகிறார்கள், வழக்கு எங்கிருந்து வரும்?

வெளியே காற்று மாறிவிட்டது. 2022 நவம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் சீருடை ஊழியர்களில் ஆண்களும் காதணி போடலாம் என்று விதியைத் தளர்த்தியது. நம்மைக் கழற்றச் சொன்னவர்களின் பேரன்மார் போட்டுக்கொண்டு விமானம் ஓட்டுகிறார்கள். நம் நிறுவனங்கள் இன்னும் கிரடாக்கின் பத்தாவது பத்தியைப் பத்திரமாக வைத்திருக்கின்றன. கிரிக்கெட் ஆட்டக்காரர் காதில் மின்னும் கல்லை விளம்பரப் படத்தில் பெரிதாகக் காட்டிப் பொருளை விற்கவும் அவற்றுக்குத் தயக்கமில்லை.

வேலைக்குச் சேரப் போகும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. போனில் கழற்றச் சொன்னால், எந்த விதி என்று எழுத்தில் கேளுங்கள். சண்டையாகக் கேட்க வேண்டாம், மரியாதையாக மின்னஞ்சலில் கேளுங்கள். பெண் ஊழியர்களுக்கும் அது உண்டா என்று இரண்டாவது வரியில் கேளுங்கள். பல இடங்களில் எழுத்தில் ஒன்றுமே இருக்காது, யாரோ ஒரு மேலாளரின் முகச்சுளிப்புதான் இருக்கும். எழுதியே வைத்திருந்தால், வேலை முக்கியமா கடுக்கன் முக்கியமா என்று வீட்டு நிலைமையைப் பார்த்து முடிவெடுங்கள். மேடையில் நின்று வீரம் பேசுகிற எனக்கு மாதத் தவணை கிடையாது, உங்களுக்கு இருக்கும்.

நிறுவனம் நடத்துகிறவர்களும் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். அந்தத் தாளை எடுத்து, காது பற்றிய வரியில் 'ஆண்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். இருவருக்கும் தடை என்று ஆனபின்னும் அந்த வரி உங்களுக்கு நியாயமாகப் பட்டால் வைத்துக்கொள்ளுங்கள்.

என் நேரம் முடிந்துவிட்டது. கேள்விகளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். காதில் கடுக்கன் போட்டிருப்பவர்கள் முதலில் கேளுங்கள். அண்ணாச்சி, உங்களுக்கு அதற்கு அடுத்து.